முசியே லூயியிடம் நான் தோற்ற கதை

நேரில் பார்த்தால் "வாங்க, ஒரு டீ சாப்பிடலாம்" என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரு மனிதரை, முகம் பார்க்காத ஒரே காரணத்துக்காக வாய்க்கு வந்தபடி பேசும் தைரியம் கைப்பேசி வைத்திருக்கும் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. இத்தனைக்கும் நான், இறங்க வேண்டிய இடத்தில் பஸ் நிற்காவிட்டால் நடத்துனரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிற ஆள். (என் மனைவி வேணியைக் கேட்டால் இன்னும் மோசமான உதாரணங்கள் கிடைக்கும். கேட்காதீர்கள்.) அப்படிப்பட்டவன் கட்டைவிரல்களால் பேச ஆரம்பித்தால் மட்டும் சட்டசபையே கிடுகிடுக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது.

புதுச்சேரியில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை ஒன்றில் நான் கவுண்டரில் நிற்கிறேன். வீடு கதிர்காமத்தில். வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டியும் அதில் கொஞ்சம் கப்பி மீன்களும் உண்டு. மீன் வளர்க்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து "புதுவை வண்ணமீன் நண்பர்கள்" என்று கைப்பேசியில் ஒரு குழு வைத்திருந்தோம். அதை ஆரம்பித்து நடத்தியவர் சாந்தி டீச்சர். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பை எப்படி வைத்திருந்தாரோ அப்படித்தான் எங்களையும் வைத்திருந்தார். மீனைப் பற்றி மட்டும் பேச வேண்டும், 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ படம் போடக் கூடாது, ஜோசியம் கூடாது.

இந்த ஒழுங்கைக் கெடுத்தவர் முருகையன். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கிறவர். நாளெல்லாம் சாகிற மீன்களோடு இருந்துவிட்டு, வீட்டுக்குப் போய் உயிருள்ள மீன்களுக்குத் தீனி போட்டால்தான் மனசு சமாதானமாகிறது என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் குழுவில் வஞ்சிரம் வறுவல் படம் ஒன்றைப் போட்டு, "வாங்க சாப்பிடலாம்" என்று எழுதினார். மீனுக்குப் பெயர் வைத்து வளர்க்கிறவர்கள் இருக்கிற குழு அது. சிலர் அதிர்ந்து போனார்கள், சிலர் மசாலா பக்குவம் கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் சைவம், அசைவம், அதிலிருந்து சாதி, மதம், தேர்தல் என்று போய் நிலைமை கைமீறிவிட்டது. சாந்தி டீச்சர் எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு, மற்ற பேச்சுக்கென்று தனியாக இன்னொரு குழுவைத் திறந்தார். அதற்கு அவர் வைத்த பெயர், "மீன் அல்லாதவை".

அன்றிலிருந்து மீன் குழுவில் ஈ ஓட்டினார்கள். மீன் அல்லாதவையில் நிற்க இடம் இல்லை.

என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தக்காளி விலையில் ஆரம்பிக்கும். சுறாப்புட்டுக்குத் தேங்காய் போடலாமா என்று போகும். சனி ஞாயிறானால் வெளியூர் கார்கள் வந்து கடற்கரைச் சாலைப் பக்கம் வண்டி நிறுத்த இடமில்லை என்று ஒருவர் அலுத்துக்கொள்வார். எங்கே தொடங்கினாலும் கடைசியில் புதுச்சேரிக்கு மாநில அந்தஸ்து வேண்டுமா வேண்டாமா என்பதில் போய்த்தான் முட்டும். இந்த ஊரில் இதைப் பற்றிப் பேசாமல் யார் வீட்டிலும் டீ ஆறுவதில்லை. வேண்டும் என்கிற அணிக்கு நான் தளபதி (யாரும் நியமிக்கவில்லை). வேண்டாம் என்கிற அணியில் ஒரே ஒருவர்தான் இருந்தார், ஆனால் அவர் ஒருவரே போதுமானவராக இருந்தார். அவர்தான் லூயி.

குழுவில் அவர் பெயரோடு வைத்திருந்த படத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அறுபது தாண்டிய முகம், நரைத்த அடர்த்தியான மீசை, தடித்த கண்ணாடி, கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை. குழு ஆரம்பித்த புதிதில் மனிதர் மகா அமைதி. தன் தொட்டியைப் படம் பிடித்துப் போட்டு "வணக்கம்" என்று மட்டும் எழுதுவார். பிறகு கொஞ்ச நாள் ஆளையே காணோம். திரும்பி வந்தபோது "மீனெல்லாம் மேல வந்து மூச்சு வாங்குது, என்ன செய்யணும்?" என்று பதறிக் கேட்டார். "பாதித் தண்ணியை மட்டும் மாத்துங்க லூயி ஐயா, முழுசா மாத்தினா செத்துரும்" என்று நான்தான் பதில் எழுதினேன். அதற்கப்புறம் அவருக்குக் கூச்சம் தெளிந்துவிட்டது. மீன் அல்லாதவைக்குள் வந்தார், பேச ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை.

"ஒரு நாற்காலி வாங்கணும்னாகூட டெல்லியைக் கேக்கணுமா? வெக்கமா இல்லையா?" என்று நான் எழுதுவேன்.

"நாற்காலியை டெல்லி வாங்கிக் குடுக்குது இல்ல? உக்காந்துட்டுப் போங்க குணா" என்று பதில் வரும்.

கடையில் வாடிக்கையாளர் பிரேக் கேபிள் கேட்பார், நான் ஒரு கண்ணைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு கிளட்ச் கேபிளை எடுத்து நீட்டுவேன். முதலாளி முறைப்பார். நான் அசரவில்லை. கோபம் தலைக்கேறும்போது மட்டும் 'ஐயா'வை விட்டுவிட்டு, பழைய ஊர்க்காரர்கள் பிரெஞ்சில் ஐயாவைக் கூப்பிடுகிற மாதிரி "முசியே" என்று எழுதுவேன். 'உங்க அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பெருமை எல்லாம் இங்கே வேண்டாம்' என்கிற குத்தல் அதில் அடக்கம். அதை அவர் கண்டுகொண்டதே இல்லை. அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

ஒரு செவ்வாய்க்கிழமை விவாதம் உச்சத்துக்குப் போனது. நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு வரி பதிலாகப் போட்டு என்னை மடக்கிக்கொண்டே வந்தார். குழுவே வேடிக்கை பார்த்தது. முருகையன் ஒவ்வொரு அடிக்கும் கைதட்டல் படம் போட்டுக்கொண்டிருந்தார், அதுவும் இரண்டு பக்கத்துக்கும். பதில் தீர்ந்துபோனவன் என்ன செய்வானோ அதை நான் செய்தேன். "நீங்க இருக்கற வரைக்கும் இந்த ஊரு உருப்படாது முசியே. எழுதி வச்சுக்குங்க" என்று அடித்து அனுப்பினேன்.

அவர் படித்துவிட்டார் என்பதற்கான நீலக்கோடுகள் வந்தன. பதில் வரவில்லை.

ஜெயித்துவிட்டேன்! வேணியைச் சமையலறையிலிருந்து இழுத்து வந்து காட்டினேன். அவள் படித்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"வயசானவருக்கு இப்பிடியா எழுதுவீங்க?"

"அரசியல்ல வயசெல்லாம் பாக்கக் கூடாது வேணி."

"நம்ம வீட்டுல பாலு தண்ணியா இருந்தாக்கூட பால்காரர்கிட்ட நான்தான் கேக்கணும். இதுல அரசியல் வேற" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை லூயி வரவில்லை. வியாழக்கிழமையும் இல்லை. வெள்ளிக்கிழமை எனக்கே என்னவோ போல இருந்தது. எதிரில் ஆள் இல்லாமல் மாநில அந்தஸ்து கேட்பதில் ருசியே இல்லை. வேண்டுமென்றே ஒரு தவறான தகவலை எழுதிப் பார்த்தேன், சும்மா இருக்க மாட்டார் என்று. சும்மாதான் இருந்தார்.

சனிக்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் நெல்லித்தோப்பு முனையில் அந்தப் பேனரைப் பார்த்தேன்.

எங்கள் ஊர்த் தெருமுனைகளைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறந்தநாள், கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் பேனர்தான். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். அன்று முன்னால் நின்றது யாரோ ஒரு வட்டாரப் பிரமுகரின் பிறந்தநாள் பேனர். அதன் பின்னாலிருந்து நரைத்த மீசை, தடித்த கண்ணாடி, கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை. பக்கத்தில் பெரிய எழுத்தில் 'நினைவஞ்சலி'. கீழே 'லூயி', அதற்கும் கீழே 'ஞாயிறு காலை திருப்பலி'. மேல் பகுதி முழுவதையும் பிறந்தநாள்காரரின் கூப்பிய கைகள் மறைத்திருந்தன.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அங்கேயே நின்றேன். நீங்க இருக்கற வரைக்கும். அவர் இனிமேல் இல்லை. அந்த மனிதர் இந்த உலகத்தில் கடைசியாகப் படித்த வரி என்னுடையது என்றால் என்ன செய்வது?

அவருடைய எண்ணுக்குக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சந்தேகமே இல்லை. வேணிக்குப் போன் செய்தேன்.

"யாருகிட்டயாவது ஒரு வார்த்த விசாரிங்களேன்" என்றாள்.

"போட்டோவே போட்டிருக்குது, இன்னும் என்ன விசாரிக்கணும்?"

"எப்ப எறந்தாராம்?"

இதற்கு நான் கொடுத்த விளக்கத்தை இந்த ஊர்க்காரன் மட்டுமே கொடுத்திருக்க முடியும். பெயர் லூயி. அப்படியானால் சொந்தக்காரர்கள் பாதிப் பேராவது பிரான்சில் இருப்பார்கள். அவர்கள் விமானம் பிடித்து வர வேண்டும். அதுவரை உடலை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பார்கள். செவ்வாய் இரவோ புதனோ இறந்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை அடக்கம். கணக்கு கச்சிதமாக வந்தது. வேணி ஒன்றும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.)

குழுவில் அறிவித்தேன். ஒரே ஓலம். மீன் குழுவில் அறிவிப்பதா, மீன் அல்லாதவையில் அறிவிப்பதா என்று முதலில் ஒரு சின்னத் தகராறு நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். "அவர் மீன் வளர்த்தவர், ஆனால் அவர் மீன் அல்ல" என்று ஒருவர் வாதாடினார். சாந்தி டீச்சர் இரண்டிலும் போடச் சொல்லித் தீர்த்துவைத்தார்.

பிறகு கடையின் பின்பக்கம், டயர் அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து, நான் இரங்கல் எழுதினேன். வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. "முசியே லூயி அவர்களே, கோபத்தில் சொன்ன அந்தச் சொல்லைக் கூசாமல் எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. நீங்கள் சொன்னவை எல்லாமே சரி. எனக்கு அப்போதே தெரியும், ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. மாநில அந்தஸ்து வேண்டாம். ஊர் இப்படியே இருக்கட்டும். உங்களைப் போன்றவர்கள் இருந்ததால்தான் இது ஊராக இருந்தது." இப்படிப் போனது. கண்ணீர் விழுந்து திரை நனைந்து எழுத்துகள் தானாக மாறிக்கொண்டன. துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன்.

நான் விழுந்ததும் மற்றவர்களும் வரிசையாக விழுந்தார்கள். சுறாப்புட்டுக்குத் தேங்காய் போட்டே தீர வேண்டும் என்று மாதக்கணக்கில் லூயியோடு மல்லுக்கு நின்ற முருகையன், "இனிமே என் வூட்ல தேங்கா கெடையாது" என்று எழுதினார். ஒருமுறை லூயியின் பதிவைத் தான் நீக்கியது அநியாயம் என்று சாந்தி டீச்சரே ஒப்புக்கொண்டார். அதுவரை வாயே திறக்காத யாரோ ஒருவர் வந்து, "நானும் உங்கள் கட்சிதான் ஐயா, பயத்தில் சொல்லவில்லை" என்றார். சாயங்காலத்துக்குள் புதுச்சேரியில் மாநில அந்தஸ்து கேட்க ஒரு ஆள் மிச்சமில்லை.

மறுநாள் முருகையனுக்கு ஏலம் முடிந்த பிறகு கிளம்பினோம். நான், முருகையன், சாந்தி டீச்சர். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தினமும் பேசுகிறவர்கள் ஒரு சாவுக்காகத்தான் சந்திக்க வேண்டுமா என்று டீச்சர் கேட்டார். முருகையன் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை கொண்டுவந்திருந்தார். அதை ஸ்கூட்டரில் எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல் கடைசியில் என் கழுத்தில் போட்டு உட்கார வைத்துவிட்டார். வழியில் சிக்னலில் ஒருவர் எனக்குக் கல்யாண வாழ்த்து சொன்னார்.

நெல்லித்தோப்பு டீக்கடையில் "லூயி ஐயா வீடு?" என்று கேட்டோம். "ரெண்டாவது சந்துல பந்தல் போட்டிருக்குது பாருங்க" என்றார்கள்.

பந்தல் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. ஐஸ் பெட்டி இல்லை. அடக்கம் முடிந்துவிட்டது போலிருக்கிறது, தாமதமாக வந்துவிட்டோம் என்று நினைத்தேன். பிரியாணி வாசனை மூக்கைத் துளைத்தது. சாவு வீட்டில் பிரியாணியா என்று கொஞ்சம் இடித்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம் என்று சமாதானம் செய்துகொண்டேன். சின்னப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

கூடத்தில் லூயியின் படம். மெழுகுவர்த்திகள், ஒரு சிறிய மல்லிகைச் சரம். அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவர் என்னையே பார்த்தார். அவ்வளவுதான், என்னால் முடியவில்லை. மாலையைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, "மன்னிச்சிருங்க முசியே! தெரியாம சொல்லிட்டேன்! நீங்க இருக்கணும், நீங்க இருக்கணும்!" என்று ஓவென்று அழுதுவிட்டேன். எனக்குப் பின்னால் முருகையன் அழுதார். சாந்தி டீச்சர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டாத முகத்தைக் கைக்குட்டையில் மறைத்துக்கொண்டார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்து பார்த்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். லூயியின் மனைவி, தெரேஸ் அம்மா. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. என் தோளைத் தொட்டார்.

"யாருப்பா நீங்க? அவரோட மில்லுல வேல செஞ்சவங்களா?"

"இல்லம்மா. போன்ல பழக்கம்."

"போன்லயா?"

"நாங்கள்லாம் ஒரே குரூப்புமா. எப்பிடிம்மா திடீர்னு இப்பிடி ஆச்சு? செவ்வாக்கெழமகூட என்கிட்ட நல்லாப் பேசிகினு இருந்தாரே!"

தெரேஸ் அம்மாவின் கை என் தோளிலிருந்து மெல்ல எழுந்தது. பின்னால் யாரோ ஒருவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எந்தச் செவ்வாக்கெழம?"

"இதோ, இந்தச் செவ்வாக்கெழமதாம்மா. சண்டகூட போட்டாரு."

"யாரு? இவரா?" என்று அவர் படத்தைக் காட்டினார்.

"இவருதாம்மா."

அந்த அம்மா என்னைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "தம்பி, இவரு போயி இன்னியோட ஒரு வருஷம் ஆவுதுப்பா. பேனர்ல மேல மொதலாம் ஆண்டுன்னு போட்டிருக்குதே" என்றார்.

பின்னாலிருந்து "ஐயோ" என்று ஒரு குரல் வந்தது. கையில் பிரியாணித் தட்டோடு ஒரு பையன் நின்றான். பையன் என்றால் முப்பது வயதுகூட ஆகியிருக்காது, என்னைவிட இளையவன். மீசையைத் தவிர அந்தப் படத்தில் இருந்த அதே முகம்.

"குணா அண்ணனா?" என்றான்.

அவன்தான் ஜெரோம், லூயியின் மகன். அதற்கப்புறம் அவன் சொன்னது எல்லாவற்றையும் தட்டைக் கீழே வைக்க மறந்து கையில் வைத்துக்கொண்டே சொன்னான்.

"அப்பா போனப்புறம் மீனெல்லாம் ஒவ்வொண்ணா மேல வந்துச்சுண்ணே. எனக்கு ஒண்ணும் தெரியாது. அப்பா போனத் தொறந்து குரூப்புல கேட்டேன். நீங்கதான் பாதித் தண்ணிய மாத்துங்க லூயி ஐயான்னு எழுதினீங்க." அம்மாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "எங்க வூட்ல யாரும் அப்பா பேரச் சொல்றதில்லண்ணே. சொன்னா அம்மா அழுவும். அங்க வந்தா தெனமும் யாராவது லூயி ஐயா, லூயி ஐயான்னு கூப்புட்டுகினே இருந்தீங்க. சொல்லிடலாம் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். வுட்டுட்டேன்."

கூடத்தின் மூலையில் அந்தத் தொட்டி இருந்தது. மீன்கள் ஒரு கவலையும் இல்லாமல் திரிந்துகொண்டிருந்தன.

"செவ்வாக்கெழம நான் எழுதினது…" என்று ஆரம்பித்தேன்.

"பாத்தேண்ணே. நீங்க இருக்கற வரைக்கும் ஊரு உருப்படாதுன்னு எழுதினீங்க." அவன் சிரிக்கப் பார்த்தான், சரியாக வரவில்லை. "அப்பா போயி ஒரு வருஷம் ஆவுது, ஊரு இன்னும் உருப்படலயேண்ணேன்னு எழுத வந்தேன். கை வரல. போன அணைச்சு பீரோல வச்சிட்டேன்."

அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். பிளக்கவில்லை. முருகையன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "மன்னிப்பு கேளுய்யா" என்று காதில் சொன்னார். படத்திடம் கேட்டுவிட்டேன், உயிரோடு எதிரில் நிற்கிறவனிடம் கேட்க வார்த்தை வரவில்லை. போய் அவன் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

தெரேஸ் அம்மாவுக்கு மட்டும் விஷயம் பிடிபடவில்லை. "என்னடா எழுதினாங்க அப்பாவுக்கு? போன எடுத்து வந்து படி" என்றார். ஜெரோம் பீரோவைத் திறந்து போனை எடுத்து உயிர் கொடுத்தான். அது 'டிங் டிங்' என்று விடாமல் அலறியது. அவன் படித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "வேண்டாம்பா" என்று கண்ணாலேயே கெஞ்சினேன். படித்தான். உறவினர்கள், பங்குச் சாமியார், சமையல்காரர், எல்லோர் முன்னாலும், சத்தமாக, ஒரு வரி விடாமல். 'நீங்கள் சொன்னவை எல்லாமே சரி' வந்த இடத்தில் நிறுத்தி, அதை மட்டும் இன்னொரு தடவை படித்தான். செவ்வாய்க்கிழமை என்னை மடக்கிய ஆள் இவனேதான் என்று அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

தெரேஸ் அம்மா முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணமாயி இத்தன வருஷத்துல இந்த மனுஷன் யாரையும் எதுத்து ஒரு வார்த்த பேசி நான் பாத்ததில்ல. மில்லுல மேஸ்திரி திட்டுனாக்கூட தலய ஆட்டிட்டு வருவாரு. செத்தப்புறமாவது வாயத் தொறந்து பேசுனாரே!" என்று படத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு ஜெரோமின் தலையில் ஒன்று போட்டார். "இன்னொருவாட்டி படிடா."

படித்தான். இரண்டாவது தடவை அவர் அழுதார். ஒரு வருஷமாக அந்த வீட்டில் சொல்லாத பெயரை அன்று மதியம் எல்லோரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். முருகையனின் மாலை படத்தைவிடப் பெரியதாக இருந்ததால் பாதி தரையில் புரண்டது. எங்களை உட்கார வைத்துப் பிரியாணி போட்டார்கள். அழுத கண்ணோடு சாப்பிடுவது கௌரவமாக இருக்காது என்று முதலில் மறுத்தேன், பிறகு இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது தெரேஸ் அம்மா வாசல்வரை வந்து, பிரெஞ்சில் நன்றி சொல்லி, "மெர்சி தம்பி. அடிக்கடி வந்து சண்ட போடுங்க" என்றார்.

குழுவில் அன்று சாயங்காலம் லூயி உயிர்த்தெழுந்தார். விஷயத்தை ஜெரோமே எழுதினான். இனி என் பெயரையும் என் படத்தையும் போட்டுக்கொள்கிறேன் என்றான். ஒருவர்கூட ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் படம் அப்படியே இருக்கட்டும் என்றார் சாந்தி டீச்சர், அது குழுவின் விதி என்றும் சேர்த்துக்கொண்டார். முருகையன் மட்டும் சுறாப்புட்டு விஷயத்தில் தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சாவு ரத்து என்றால் தேங்காய் ரத்தும் ரத்து என்பது அவர் வாதம்.

என் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற முடியவில்லை. ஜெரோம் அதைக் குழுவின் உச்சியில் பின் குத்தி வைத்துவிட்டான். இன்றும் நான் மாநில அந்தஸ்து என்று ஆரம்பித்தால், அவன் பதிலே எழுதுவதில்லை, என் இரங்கல் செய்தியை எடுத்து எனக்கே அனுப்புகிறான். தன் கருத்து தவறு என்று கண்ணீரோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அதே கருத்துக்காகப் போராடுகிற ஒரே ஆள் நான்தான்.

போன மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்து கதிர்காமம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். காய்ச்சல் இறங்கவில்லை, ரத்தத்தில் எதுவோ குறைந்துகொண்டே போகிறது என்றார்கள். வேணி எனக்குத் தெரியாமல் வராந்தாவில் போய் அழுதுவிட்டு வந்தாள், எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அன்று மத்தியானம் ஜெரோம் வந்தான். வராந்தாவில் வேணியோடும் டாக்டரோடும் அவன் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. பிறகு உள்ளே வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"அண்ணே, நேத்து பூரா யோசிச்சேன். நீங்க மாநில அந்தஸ்து பத்திச் சொல்வீங்க இல்ல…"

நான் ஒத்துக்கொண்டது எப்போது என்று எனக்குத் தெரியும். இவன் ஒத்துக்கொண்டால் டாக்டர் என்னவோ சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். எழுந்து உட்காரப் பார்த்தேன். "வேணாண்டா ஜெரோம். சொல்லாத. எதுவா இருந்தாலும் சொல்லாத" என்றேன்.

"கேளுங்கண்ணே. நீங்க சொன்னத ஒண்ணொண்ணா எடுத்து யோசிச்சேன்."

"சரி."

"ஒண்ணுகூட சரியில்ல."

நான் அப்படியே தலையணையில் சாய்ந்தேன். அந்த நிம்மதியை எந்த ஊசியும் எனக்குத் தந்ததில்லை. வேணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அப்புறம் அழுதாள். ஜெரோம் அரை மணி நேரம் உட்கார்ந்து நான் சொன்ன ஒவ்வொன்றும் ஏன் தவறு என்று விளக்கினான். நர்ஸ் வந்து சத்தம் போட்டு அனுப்பும்வரை போகவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும் சொந்தக்காரர்கள் போனில் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்பதில்லை. "ஜெரோம் வந்தானா? ஏதாச்சும் ஒத்துக்கிட்டானா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை என்று சொன்னால் போதும், கவலையில்லாமல் வைத்துவிடுகிறார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இன்று வரை ஜெரோம் என்னிடம் எதையும் ஒத்துக்கொண்டதில்லை. நான் நன்றாக இருக்கிறேன்.